இருபத்து மூன்று நாள் கேட்ட ஒரே பாடம்

அறைக்குள்ளிருந்து குக்கர் விசில் சத்தம் கேட்டது.

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ஜலஜா நிமிர்ந்தாள். மதியச் சமையல் முடிந்து, குக்கரைக் கழுவிக் கவிழ்த்து இரண்டு மணி நேரமாகிறது. பக்கத்து ஃப்ளாட்டாக இருக்கும் என்று மறுபடி கத்தியை எடுத்தாள். மகள் சாருலதாவின் அறையில் வாசிப்பு ஓடிக்கொண்டிருந்தது. சிறுநீரகம் பற்றிய பாடம், ஆங்கிலத்தில், நிறுத்தி நிதானமாக. நடுவே அதே அறையிலிருந்து இன்னொரு குரல் வந்தது.

"சாரு, ரசம் வெக்கட்டுமா, மோரே போதுமா?"

அது ஜலஜாவின் குரல். ஆனால் ஜலஜா வாயையே திறக்கவில்லை.

ஹாலில், மகளின் அறைக்கதவை ஒட்டி நாற்காலி போட்டு, மடியில் பேப்பரோடு கண்மூடிக் கிடந்த அவள் கணவர் ஸ்ரீனிவாசன், "மோரே போதும்" என்றார்.

ஜலஜா கையைத் துடைத்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனாள். கதவைத் திறந்து உள்ளே நுழைந்து சாத்திக்கொண்டாள். மேஜையில் புத்தக அடுக்கின் மேல் சாய்த்து வைத்திருந்த ஃபோன் பாடம் வாசித்துக்கொண்டிருந்தது. சாரு தரையில் கட்டில் காலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கையில் புத்தகம் இல்லை. அம்மாவின் நிழல் மேலே விழுந்ததும் திடுக்கிட்டு விழித்தாள்.

ஜலஜா ஃபோனை நோக்கிக் கையை நீட்டினாள்.

"நிறுத்தாதம்மா," என்று சாரு கிசுகிசுத்தாள். "நிறுத்தினா அப்பா வந்துடுவார்."

ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் அந்தக் குடியிருப்பு முழுவதும் சாருவை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடும். அவள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவுக்கு டெங்கு வந்தது. தினமும் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து, பிளேட்லெட் எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஃப்ரிட்ஜ் கதவில் கோடு வரைந்து ஒட்டினாள் அந்தக் குழந்தை. தொழிற்சாலைக்குத் திரும்பிய ஸ்ரீனிவாசன் அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டினார். பட்டம் அன்றைக்கே கிடைத்துவிட்டது. மெடிக்கல் சீட்டுத்தான் இன்னும் கிடைக்கவில்லை.

இன்டர், அதாவது பிளஸ் டூ, முடித்து எழுதிய முதல் நீட் தேர்வில் மார்க் போதவில்லை. பிறகு லாங் டெர்ம். தோற்றவர்கள் ஒரு வருடம் முழுக்க இன்னொரு தடவை படிப்பதற்கு ஹைதராபாத்தில் இதுதான் பெயர். ஹாஸ்டலில் விடிகாலை நாலரைக்கு மணி அடிக்கும். வாரப் பரீட்சையில் மார்க் குறைந்தால் ஏ செக்‌ஷனிலிருந்து சி செக்‌ஷனுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வருடம் முடிந்து வந்தபோது பெண்ணின் கன்னம் ஒட்டியிருந்தது. சீட்டு மட்டும் வரவில்லை. இரண்டாவது லாங் டெர்மை வீட்டிலேயே படிக்கட்டும் என்று முடிவானது. ஸ்ரீனிவாசன் பதவி உயர்வோடு வந்த இடமாற்றத்தை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். டிவி இணைப்பு போயிற்று. வாய்விட்டுப் படிப்பதுதான் படிப்பு என்பது அவருடைய கட்சி. ஆகவே அந்த வீட்டில் சாரு படிக்கிறாள் என்றால் அது எல்லோர் காதிலும் விழும்.

ஜலஜா மகளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளாடி?"

"ட்வென்டி த்ரீ டேஸ்."

"என்னடி சொல்றே?"

"மாக் டெஸ்ட்ல ஃபோர் தர்ட்டி ஒன் வந்துச்சு. அடுத்ததுல முந்நூத்தி தொண்ணூத்தெட்டு. அதுக்கப்புறம் புக்கத் தொறந்தா எழுத்து தெரியுதும்மா, உள்ள போகல. முன்னாடியே ரிவிஷனுக்குன்னு ரெக்கார்ட் பண்ணி வெச்சிருந்தேன். ஒரு நாள் சும்மா போட்டேன். வீடு நிம்மதியா இருந்துச்சு. நீ சமைச்சே. அப்பா ஏதோ பாட்டு முணுமுணுத்தார். உன் குரல் வர்ற எடத்துல மட்டும் வால்யூம கொறச்சுடுவேன். இன்னைக்கு தூங்கிட்டேன்."

ஜலஜாவுக்கு அடிக்கவும் தோன்றியது, அணைத்துக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

"இன்னும் எவ்ளோ நேரம் ஓடும்?"

"பத்து நிமிஷம்."

"மறுபடி போட முடியாதா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. சாரு அம்மாவையே பார்த்தாள். அந்தப் பார்வையை ஜலஜா எத்தனை பிறவி எடுத்தாலும் மறக்க மாட்டாள். மகளின் பொய்யில் தானும் ஒரு கை பிடிக்க வந்துவிட்டாள்.

வாசல் மணி அடித்தது.

வந்தது மேல் மாடி பூர்ணா. தெலுங்குக்காரி, ஜலஜாவிடம் பழகிப் பழகித் தமிழ் கற்றவள். ஸ்ரீனிவாசனை அன்னய்யா என்றும் ஜலஜாவை வதினா என்றும், அண்ணன் அண்ணியாகவே கூப்பிடுவாள். ஜலஜா வெளியே வருவதற்குள் சோபாவில் உட்கார்ந்து பேச ஆரம்பித்திருந்தாள்.

"சாரு வாசிக்கிறது மேல வரைக்கும் கேக்குது அன்னய்யா. எங்க பொண்ணு ஸ்ரேயா இருக்கே, பத்து நிமிஷம் உக்காந்தா பெரிசு. இன்டர் சேர்ந்தாச்சு, இன்னும் ரீல்ஸ்தான். நாளையிலேந்து சாரு பக்கத்துல உக்கார வெக்கட்டுமா? பாத்தாவது கத்துக்கும்."

ஸ்ரீனிவாசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தாராளமா அனுப்புங்கம்மா. இவ ஒரு பாடத்த எடுத்தா லேசுல விட மாட்டா. இந்தக் கிட்னி பாடத்தையே எத்தனை தடவை படிக்கிறா, கேளுங்க."

"என்ன வதினா, உனக்கு சரிதானே?" என்றாள் பூர்ணா.

ஜலஜா வாயைத் திறப்பதற்குள் உள்ளே வாசிப்பு நின்றது. பத்து நிமிஷம் ஆகவில்லை, சாருதான் நிறுத்தியிருந்தாள்.

"என்னம்மா, தண்ணி வேணுமா?" என்று ஸ்ரீனிவாசன் கதவைப் பார்த்துக் கேட்டார்.

கதவு திறந்தது. சாரு ஃபோனோடு வந்து அப்பாவின் முன்னால் நின்றாள்.

"அது நான் இல்லப்பா. இது."

விரலால் தொட்டாள். அவள் உள்ளங்கையிலிருந்து அவளே பாடம் வாசித்தாள். மறுபடி தொட்டாள். நின்றது.

"இருபத்து மூணு நாளா நான் படிக்கல."

ஸ்ரீனிவாசன் ஃபோனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"தினமும் இதேவா?"

"இதேதான்."

"அந்தப் பாடம் கொஞ்சம் கஷ்டம் போலன்னு நெனச்சுட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. தினமும் உட்கார்ந்து கேட்ட தகப்பன் பாடத்தைக் கேட்கவே இல்லை. தன் பெண்ணின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். குரல் இருந்தவரை அவருக்குப் போதுமாக இருந்தது.

"பரீட்சைக்கு இன்னும் நாப்பது நாள் இருக்குப்பா. எழுதணும்னு இருக்கு. ஆனா நான் படிக்கிறது யாருக்கும் கேக்கக் கூடாது. படிக்காத அன்னைக்குப் படிக்கலன்னு சொல்லுவேன். சொன்னா நீங்க மூஞ்சிய மாத்தக் கூடாது."

"மாத்தலம்மா" என்றார் அவர். முகம் ஏற்கெனவே மாறியிருந்தது. அதை அவரால் என்ன செய்தும் திருப்பிக் கொண்டுவர முடியவில்லை. "இன்னைக்கு?"

"படிக்கல."

"சரி."

அந்த ஒரு சொல்லுக்கு அவர் பட்ட பாட்டை ஜலஜா பார்த்தாள். பிறகு ஸ்ரீனிவாசன் எழுந்து, கதவோரம் கிடந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனார்.

சாரு கண்ணைத் துடைத்துக்கொண்டு பூர்ணாவிடம் திரும்பினாள். "ஸ்ரேயா வரட்டும் ஆன்ட்டி. ஆனா நான் சத்தமா படிக்க மாட்டேன். சில நாள் ஒண்ணுமே படிக்காமலும் இருப்பேன். உங்களுக்கு ஓகேன்னா அனுப்புங்க."

"அவ டாடிய கேட்டு சொல்றேன்மா" என்றாள் பூர்ணா. ஸ்ரேயா வரப்போவதில்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது. சாரு தலையசைத்துவிட்டு அறைக்குள் போனாள்.

வாசலில் செருப்பை மாட்டும்போது பூர்ணா ஜலஜாவின் கையைப் பிடித்தாள். குரலைத் தாழ்த்தி, "வதினா, இந்தத் தடவையாவது சீட்டு வந்துடுமா?" என்று கேட்டாள்.

இரண்டு வருடமாக இந்தக் கேள்வி முடிவதற்குள் ஜலஜாவின் பதில் வந்துவிடும். நிச்சயம் வரும், கட்டாயம் வரும், கடவுள் கைவிட மாட்டார்.

"தெரியல பூர்ணா," என்றாள் ஜலஜா. குரலைத் தாழ்த்தவில்லை. உள்ளே இருப்பவளுக்கும் கேட்கட்டும் என்றே சொன்னாள். "நாளைக்கு புக்கத் தொறப்பாளான்னுகூடத் தெரியல. எங்க பொண்ணு, நாங்க பாத்துக்கறோம்."

பூர்ணா அவள் கையை ஒருமுறை அழுத்திவிட்டு மாடிப்படி ஏறினாள். ஜலஜா கதவைச் சாத்தினாள்.