மார்த்தாவின் இடது காது

1. வியாழன் காலை

அன்று அந்தப் படம் கழுவும் லாப்பில் இருந்தவர்கள் நான்கு பேர். லாப்பின் சொந்தக்காரர் ரோனி, போர்த்துக்கேயர். கறுப்பு வெள்ளைப் படங்களை அச்சிடும் பிரிண்டர் ஜோசப் அண்ணை, மன்னார்க்காரர். படமெடுத்த ஹெலன், அறுபதை எட்டிய கனேடியப் பெண். ஜோசப் அண்ணைக்கு உதவியாளாக நான். சுவரில் சாய்ந்து நின்ற நாலடிக்கு ஆறடிப் படத்து யானையையும் சேர்த்தால் ஐந்து. ஹெலன் அப்படித்தான் சேர்த்து எண்ணுவார்.

இது தொண்ணூறுகளில், ரொறன்ரோவில். ஹெலன் வருடத்தில் பாதியைக் கென்யாவில் கழிப்பவர். ஒரு யானைக் கூட்டத்துக்குப் பக்கத்தில் ஜீப்பில் வாரக்கணக்காகக் குந்தியிருந்துவிட்டு, ஒரேயொரு நல்ல படத்தோடு திரும்பி வருவார். அதற்காக அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, கண்காட்சி நடக்கும் கலரியிலிருந்து வான் வண்டி வந்து அவருடைய படங்களை ஏற்ற வேண்டும். எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தோம்.

எல்லாரும் பேசியது இங்கிலிஷ். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அது விளங்கிய விதத்தில் எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

பெரிய படத்துக்கு முன்னால் ஹெலன் நெடுநேரம் நின்றார். பிறகு சொன்னார்: "இது மார்த்தா இல்லை."

ரோனி சிரித்தார். "உங்கட நெகட்டிவ். உங்கட யானை. வேற ஆர் வந்து நிக்கிறது?"

"மார்த்தாவுக்குக் கிழிஞ்சது இடது காது. இதில வலது காதெல்லே கிழிஞ்சிருக்கு."

தன் பையிலிருந்து சின்னப் பிரிண்டை எடுத்துப் பக்கத்தில் பிடித்தார். இரண்டும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போல இருந்தன. ஜோசப் அண்ணையின் முகம் கறுத்துப் போனது. ஃபில்மின் மினுங்கும் பக்கம் விளக்கைப் பார்க்க வேண்டும், மங்கல் பக்கம் பேப்பரைப் பார்க்க வேண்டும். தூசி போகவில்லையென்று கழற்றிக் கழற்றித் துடைத்ததில், கடைசித் தடவை அது திரும்பிப் போய்விட்டது.

இளம் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டும். நெகட்டிவ் திரும்பிப் போனால் மற்றப் படங்களில் உடனே பிடித்துவிடலாம். கடைப் பலகையில் எழுத்து இருக்கும். எங்கள் கலியாணப் படமென்றால் சேலைத் தலைப்பு எந்தத் தோளில் என்று பார்த்தால் போதும்.

"யானை சீலையே கட்டியிருக்கு, நான் பார்த்துக் கண்டுபிடிக்க?" என்று ஜோசப் அண்ணை என்னிடம் மெதுவாகத் தமிழில் சொன்னார். பகிடிதான். ஆனால் அவர் சிரிக்கவில்லை.

ரோனி சமாளிக்கப் பார்த்தார். "ஹெலன், ரொறன்ரோவில ஒருத்தருக்கும் இந்த யானையைத் தெரியாது."

"எனக்குத் தெரியும். அந்தக் கிழிசல் வந்த நாளில நான் அங்க நிண்டனான். பிழையான காதோட அவளைத் தொங்கவிட ஏலாது. நேரமில்லையெண்டால் அந்தச் சுவர் வெறுமையாக் கிடக்கட்டும்."

ரோனியின் கோபம் ஜோசப் அண்ணையின் மேல் திரும்பியது. "ரோலில இன்னும் ஒரு துண்டுப் பேப்பர்தான் கிடக்கு. அதையும் பாழாக்கினால் நீ வேற வேலை பார். உன்ர கடிதத்தையும் மறந்துபோ."

அந்தக் கடிதம் என்னவென்று எனக்குத் தெரியும். ஜோசப் அண்ணையின் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் கொழும்பில் ஒரு அறையில் காத்திருந்தார்கள். அவர்களைக் கனடாவுக்கு எடுக்கிற ஸ்பொன்சருக்கு, முதலாளி எழுதித் தரும் வேலைக் கடிதத்தைக் குடிவரவுக் கந்தோர் கேட்டிருந்தது. ரோனி அதைச் சொல்லிவிட்டு கலரிக்கு ஃபோன் எடுக்க உள்ளே போய்விட்டார்.

2. வெயில் வந்த பக்கம்

நெகட்டிவைத் திருப்பிப் போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. பெரிய படத்துக்கு, நெகட்டிவைப் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜர் சுவரை நோக்கி வெளிச்சம் பாய்ச்சும். பேப்பர் சுவரில் இருக்கும். பிரிண்டர் நடுவில் நின்று சில இடத்தைக் கையால் மறைத்து வெளிச்சத்தைக் குறைப்பார். சில இடத்துக்கு, ஓட்டை போட்ட மட்டையால் கூடுதல் வெளிச்சம் விடுவார். முகிலின் கனம், தூசியின் மென்மை எல்லாம் அந்தக் கையில்தான். ஜோசப் அண்ணை அந்த அசைவுகளை நாட்கணக்கில் பழகியிருந்தார். ஆனால் பழகியது திரும்பிய படத்துக்கு. இப்போது எல்லாம் இடம் வலமாக மாற வேண்டும்.

பேப்பர் வைக்காமல் வெறும் சுவரில் பழகிப் பார்த்தார். கை பழைய பக்கத்துக்கே போனது. மறுபடியும் போனது.

"அண்ணை, எனக்குப் பயமாயிருக்கு," என்றேன்.

"உனக்கு எப்பதான் பயமில்லை? பஸ் நேரத்துக்கு வந்தாலும் உனக்குப் பயம்தான்."

ஹெலன் அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "ஜோசப், கையை நினைக்காதேங்கோ. வெயிலை நினையுங்கோ. நான் இஞ்ச நிண்டனான். வெயில் இந்தப் பக்கத்தால சரிஞ்சு வந்தது. அவள் நடக்க நடக்கத் தூசி பின்னால எழும்பினது."

"முகில்?"

"மழைக்கு முந்தின முகில். பார்க்கிற ஆளுக்கு நெஞ்சு பதற வேணும்."

ஜோசப் அண்ணை கேட்டுக்கொண்டே கையை நீட்டினார். இந்த முறை கை சரியான பக்கம் போனது. அவர் கணக்கை விட்டுவிட்டு அந்தக் கென்ய வெளியில் நிற்கிறார் என்று எனக்குப் பட்டது. இரண்டு பேரும் அதிகம் பேசவில்லை. "இப்ப அவளின்ர நெத்தி," என்று ஹெலன் சொன்னால் மட்டை நெற்றிக்குப் போகும். நான் கவலையை மறந்து பார்த்துக்கொண்டு நின்ற சில நேரங்களில் அது ஒன்று.

சிவப்பு விளக்கைப் போட்டு, கடைசிப் பேப்பரைச் சுவரில் வைத்து, வெளிச்சம் கொடுத்து முடித்தார். படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பர் மருந்து நிறைந்த நீளத் தொட்டியில் அவ்வளவு பெரிய பேப்பரை இரண்டு முனையிலிருந்தும் சுருட்டிச் சுருட்டி விரிக்க வேண்டும். ஒரு கணம் நின்றாலும் கோடு விழும். நனைந்த பேப்பர் கனக்கும், கிழியும். வழக்கமாக நடுவைத் தாங்கும் மூன்றாவது ஆள் ரோனி. அவர் இன்னும் ஃபோனில். யாரும் கேட்காமலே ஹெலன் கையுறையைப் போட்டு, நடுவைத் தாங்க வந்தார்.

முதலில் முகில் வந்தது. பிறகு நெற்றி. பிறகு காது.

"வந்திட்டாள்," என்றார் ஜோசப் அண்ணை.

ஹெலன் நடுவிலிருந்து கையை எடுக்கவில்லை.

3. வெள்ளி

இரவு முழுக்கக் காய விட்டோம். காலையில் சூடான பிரஸ்ஸில் வைத்து அழுத்தி மட்டையில் ஒட்டினோம். வான் ஏற்றிக்கொண்டு போன பிறகு ரோனி வெளியே வந்தார். மன்னிப்புக் கேட்கிற ஆள் அல்ல அவர். ஒரு கவரை ஜோசப் அண்ணையிடம் நீட்டினார்.

"பேரைச் சரியா அடிச்சிருக்கிறனோ எண்டு பார். புது ரோலுக்கும் ஓடர் குடுத்திட்டன்."

ஜோசப் அண்ணை வேலைக் கடிதத்தை வாசித்தார். பிறகு பேப்பர்ப் பெட்டியொன்றின் மேல் அப்படியே குந்திவிட்டார்.

அதற்குப் பிறகு ஹெலன் எந்த நெகட்டிவைக் கொண்டுவந்தாலும் ஜோசப் அண்ணையின் முதல் கேள்வி, "இது ஆர்? என்ன அடையாளம்?" என்பதுதான். ஹெலன் சந்தோஷமாகச் சொல்வார்: இந்தச் சிங்கத்துக்கு மூக்கில் வடு, இந்த வரிக்குதிரைக்கு வால் குட்டை. மலைக்கும் மரத்துக்கும்கூட இடம் வலம் இருந்தது. அதுவரை எனக்கு யானை என்றால் யானை.

இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் நீங்கள் கொம்பியூட்டரில் ஒரு பட்டனை அழுத்தி இடத்தை வலமாக்குகிறீர்கள். கை பழக வேண்டியதில்லை, பேப்பரும் வீணாகாது. பிழை விடுவதும் அவ்வளவு சுலபம் என்பதால் நீங்கள் எங்களைவிடக் கூடப் பயப்பட வேண்டும். படத்தில் நிற்பது யாரென்று கேட்டுவிட்டு, பிறகு கையை வையுங்கள்.