ஸ்கூட்டரைப் பார்க்கப் போன மைத்துனன்

என் மனைவியின் தம்பியைக் கோழையாக்கி, ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் உலவவிட்டு, சொந்தக்காரர்களைக் கூட்டிவைத்துக் காட்டியவன் நான். அப்போது எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். வயதும் தடுக்கவில்லை, படிப்பும் தடுக்கவில்லை.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். மைத்துனன் கோவில்பட்டியில் தீப்பெட்டி தயாரிக்கும் ஆபீஸ் வைத்திருந்தான். ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியபோது எனக்கும் ஒன்று வாங்கித் தந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதில், வாளும் கேடயமுமாக ஊர் ஊராகத் திரியும் ஒரு விளையாட்டை இருவரும் ஆடுவோம். அதற்குள் நாமே புதிய ஆட்களைச் சேர்க்கலாம். அவர்கள் எப்போது என்ன செய்ய வேண்டும் என்று ஸ்கிரிப்ட் எழுதலாம். எழுதுவது என் வேலை. வடை வாங்கி வருவது அவன் வேலை.

பகை ஒரு துண்டினால் வந்தது. குளத்தூரில் ஒரு கல்யாணம். ஸ்கூட்டரைப் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு மைத்துனனும் நானும் கிளம்பினோம். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்திருந்தேன். உள்ளே ஏறிப் பார்த்தால் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பேச்சு முற்றி எனக்கு ஓர் அறை விழுந்தது. கண்ணாடியைத் தேடி எடுத்துத் திரும்பினால் மைத்துனன் இல்லை. ஸ்கூட்டரைப் பூட்டினோமா என்று பார்க்க இறங்கிப் போய்விட்டானாம்.

அந்த ஆத்திரத்தில், அவனைப் போலவே தொப்பையும் மீசையுமாக ஒரு கூட்டாளியை விளையாட்டுக்குள் செய்தேன். சண்டை வந்ததும் அவன் ஓட வேண்டும். ஆனால் சண்டை வந்துவிட்டதா என்று நேரே கேட்பதற்குக் கட்டளை எதுவும் எனக்கு அகப்படவில்லை. குறுக்கு வழி ஒன்று கண்டேன். நாயகனின் உயிரளவு சற்று முன் இருந்ததைவிடக் குறைந்தால், அது சண்டை. குறைந்த நொடியில், "ஸ்கூட்டரப் பாத்துட்டு வாரேன் அத்தான்" என்று திரையில் ஆங்கில எழுத்தில் வரும். கூட்டாளி மலைப்பக்கம் ஓட்டம் பிடிப்பான். மாட்டுவண்டிகூட இல்லாத உலகம் அது. நாயகன் மாடியிலிருந்து தவறி விழுந்தாலும் உயிரளவு குறையும். அதற்கும் கூட்டாளி ஓடினான்.

சொந்தக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வாசலில் வடைப் பொட்டலத்தோடு நின்று அவனும் பார்த்தான். பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனவன், பிறகு நான் இருக்கும் நேரத்தில் அக்கா வீட்டுக்கு வருவதே இல்லை. மனைவியிடமிருந்து சோறு வந்தது, பேச்சு வரவில்லை. வெறும் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குத் தாங்கவில்லை.

கூட்டாளியை மாற்றி எழுத உட்கார்ந்தேன். ஓடுகிறவனைச் சண்டையை நிறுத்துகிறவனாக ஆக்க வேண்டும். அதற்கு அடி விழும்வரை காத்திருக்க முடியாது. சண்டை தொடங்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு சண்டையாக ஆடிப் பார்த்தேன். விலங்குகளை விட்டுவிட்டால், எல்லாவற்றிலும் முதலில் வாளை உருவியது என் நாயகன்தான். எனக்குப் பஸ் நினைவுக்கு வந்தது. அந்த ஆளின் சட்டையைப் பிடித்தது நான். அதற்கும் முன்னால் மைத்துனன் என் முழங்கையைப் பிடித்து, அடுத்த பஸ்ஸில் போவோம் என்று இழுத்தான். உதறினேன். அதற்குப் பிறகுதான் அவன் இறங்கினான்.

நாயகன் வாளை உருவினாலே கூட்டாளி குறுக்கே வந்து நிற்கும்படி ஸ்கிரிப்டை மாற்றினேன். சிரித்தவர்களையெல்லாம் மறுபடி வரவழைத்தேன். மைத்துனனை நானே போய்க் கூட்டிவந்தேன். பஸ்ஸில் முதலில் கை வைத்தவன் நான் என்று எல்லோர் முன்னாலும் சொல்லி அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஆட உட்கார்ந்தான்.

நாயகன் வாளை உருவினான், கூட்டாளி குறுக்கே வந்தான். வேறு பக்கம் திரும்பினான், அங்கேயும் வந்தான். ஒரு பெருச்சாளி நாயகனின் காலைக் கடித்துக்கொண்டே இருக்க, கூட்டாளி "வாங்க அத்தான், போவோம்" என்று மறித்துக்கொண்டே நின்றான். நாயகன் செத்தான்.

"இவன வச்சுக்கிட்டு எப்படி அத்தான் வெளையாடுதது?" என்றான் மைத்துனன். "ஒரு எலிய அடிக்க விட மாட்டேங்கான். அந்த ஓடுறவனயே போடுங்க. அவன் தேவல."

இரண்டு பேரையும் அழித்துவிட்டேன். அடுத்த ஞாயிறு வடை வந்தது.

பிறகொரு நாள் விளாத்திகுளம் பஸ்ஸில் எங்கள் துண்டின் மேலேயே ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் வாயைக்கூடத் திறக்கவில்லை. முழங்கையில் அவன் பிடி விழுந்தது. நான்தான் இன்னும் ஒன்றுமே செய்யவில்லையே என்றேன்.

"காது செவந்துட்டு அத்தான்," என்றான். "வாங்க, எறங்குவோம்."

இறங்கினேன்.