ஆளை எண்ணுங்கள், போனை அல்ல

கேரளத்துச் சாந்தன்பாறைக்கு மேலே உள்ள ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கு அழகுத்தாய்தான் ஆஷா சுகாதாரப் பணியாளர். சர்க்கரை நோயுள்ள பெண்களுக்கு வாரம் ஒருமுறை வீடியோ வகுப்பு என்று ஓர் ஆராய்ச்சிக் குழு வந்தபோது, லயம் லயமாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தவள் அவள். காலை பதினொன்றுக்கு வகுப்பு என்றார்கள். அந்நேரம் எல்லோரும் காய் எடுப்பில் இருப்பார்கள். சண்டை போட்டு மாலை ஐந்துக்கு மாற்ற வைத்தாள்.

நான்காம் மாதம், வகுப்பை நடத்தும் டின்சி போனில் அழைத்தாள்.

"சேச்சி, ரிப்போர்ட்ல மூணு பேர்தான் வர்றாங்க. பத்துப் பேர் இல்லேன்னா இந்த மாசத்தோட குரூப்பை நிறுத்திடுவாங்க."

"மூணு போனு. ஆளு பதினொண்ணு. ஏலக்கா ஸ்டோர் வாசல்ல மட்டுந்தான போனுக்கு ரேஞ்சு கிடைக்கி, அங்க கூடித்தான் உக்காருறோம்."

"ஆளுக்கொரு போன், தனியா இருந்து பேசணும். அந்தரங்கம்னு ஒரு விதி இருக்கு."

"ஒத்த ரூமு லயத்துல தனியா எங்க இருக்க? மாமியா காது மடியிலதான் கிடக்கும்."

டின்சிக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் விதி விதிதான் என்றாள்.

அழகுத்தாய்க்குக் கோபம் ஏறியது. போன மாதம் வகுப்பு முடிந்து ஒருவர் பாதத்தை ஒருவர் பார்க்கும்போதுதான், கூட உட்காரும் அன்னாளின் உள்ளங்காலில் முள் ஏறிச் சீழ் கட்டியிருந்தது தெரிந்தது. சர்க்கரையில் மரத்துப்போன கால்; மூன்று நாளாகியும் அவளுக்கு வலியே இல்லை.

"தனியா உக்காந்தா தன் உள்ளங்கால எவ பாப்பா டீச்சர்? உங்க போனா பாக்கும்? படிவத்துல போனை எழுத மட்டுந்தான் கட்டம் இருக்கு, ஆளை எழுதவும் ஒரு கட்டம் போடுங்க. அதுவரைக்கும் வார ரிப்போர்ட்டு நான் அனுப்பப் போறதில்ல."

"மேல புகார் போகும் சேச்சி."

"போகட்டும். புகார்ல என் பேரை மட்டும் தப்பில்லாம எழுதச் சொல்லுங்க. நீங்க நிறுத்துனாலும் திங்கக்கிழம அஞ்சு மணிக்கு நாங்க உக்காருவோம்."

இரண்டு திங்கட்கிழமை அழகுத்தாய் ரிப்போர்ட் அனுப்பவில்லை. மூன்றாம் திங்கட்கிழமை டின்சி திரையில் வரவில்லை. ஜீப்பில் வந்து ஸ்டோர் வாசலில் இறங்கினாள். நின்றபடியே தலைகளை எண்ணினாள். பதினொன்று.

"கட்டம் போட்டாச்சு சேச்சி. ஆறு மாசம் இப்படியே கூடி உட்காரட்டும்னு மேல சொல்லிட்டாங்க. கூடி உட்கார்ந்து என்ன செய்றீங்கன்னு பார்த்து எழுதிட்டு வரச் சொன்னாங்க."

அழகுத்தாய் நகர்ந்து இடம் விட்டாள்.

"அப்ப செருப்பைக் கழட்டிட்டு உக்காருங்க. வேடிக்க பாக்க இங்க ஆள் எடுக்கிறதில்ல."