எங்கள் கோட்டில் விழுந்த பள்ளம்

சங்கரன்கோவிலில் எங்கள் சமுதாயச் சங்கத்தின் ஆண்டு விழாவில் பேச என்னைக் கூப்பிட்டது சித்தப்பாதான். அவர்தான் சங்கத் தலைவர். நான் பெங்களூரில் மரபணு ஆராய்ச்சி செய்கிறேன். அந்த மண்டபத்தில் நடந்ததை நினைத்தால் இன்றும் கோபம் ஆறவில்லை.

எங்கள் முன்னோர் எண்ணிக்கை காலந்தோறும் ஏறி இறங்கியதைக் காட்டும் வரைபடக் கோடு ஒன்றைத் திரையில் போட்டேன். ஒவ்வொருவர் உடம்பிலும் அப்பா தந்த மரபணுப் பிரதி ஒன்று, அம்மா தந்தது ஒன்று. இரண்டையும் ஒப்பிட்டால், முன்பு எந்தக் காலத்தில் ஆட்கள் அதிகம், எப்போது குறைவு என்று ஓரளவு கணிக்கலாம். இரண்டும் நீளநீளமாக ஒன்றுபோலவே இருந்தால், ஒரு சிலரின் வழியில் வந்தவர்கள் என்று பொருள். எங்கள் ஆட்களின் கோடு ஓரிடத்தில் பள்ளத்தில் விழுகிறது.

"அப்போ நம்ம கூட்டம் ரொம்பச் சுருங்கியிருக்கு. பஞ்சமா, நோயா, கோட்டுக்குத் தெரியாது. அதுக்கப்புறமும் நமக்குள்ளயே கட்டிக்கிட்டதால..."

முடிப்பதற்குள் சித்தப்பா மைக்கை வாங்கிக்கொண்டார். "கேட்டியளா? நம்ம ரத்தத்துல கலப்பே இல்லன்னு விஞ்ஞானமே சொல்லுது!"

கைதட்டல். விசில்.

மூன்றாவது வரிசையில் அக்கா இருந்தாள். தாய்மாமன் மகனைக் கட்டியவள். பெற்ற இரண்டு பிள்ளைகளும் நடை பழகுமுன்பே ஒரே நோயில் போய்விட்டன. தாயிடமும் தகப்பனிடமும் இருக்கும் ஒரே மாதிரியான மரபணுப் பழுது இரண்டும் பிள்ளையிடம் சேர்ந்தால் வருகிற நோய். அந்தப் பள்ளம் எங்களுக்கு விட்டுப்போனது அதைத்தான்.

மைக்கைப் பிடுங்கினேன். "கலப்பு இல்லன்னு நான் சொல்லவே இல்ல. ஆளு கொறைஞ்சு போச்சுன்னுதான் சொன்னேன். அதுக்கு முன்னாடி எல்லாரோடயும் கலந்ததுக்கும் இதே ரத்தத்துல அடையாளம் இருக்கு!"

மைக்கை அணைத்தார்கள். தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஏட்டி, கீழ எறங்கு. சபையில வச்சு மானத்த வாங்குத," என்றார் சித்தப்பா.

அக்கா எழுந்தாள். "சித்தப்பா, எம்புள்ளைய ரெண்டும் செத்துப்போச்சே. அதுக்கும் சேத்துத்தான் கைதட்டச் சொல்லுதியளா?"

சமையல்காரர் வந்து பந்தி தயார் என்றார். முன்வரிசைதான் முதலில் எழுந்து போனது.

சித்தப்பா மகளுக்கு அத்தை மகனோடு நிச்சயம் ஆகியிருந்தது. மறுநாள் அக்கா நேராக அந்த வீட்டுக்கே போனாள். "நீயும் அவனும் மொதல்ல ரத்தம் குடுத்து டெஸ்ட் பாருங்க" என்றாள். சித்தப்பா வாசலில் நின்று திட்டத் திட்ட அந்தப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டு அக்காவோடு கிளம்பினாள். பிறகு அத்தை மகனும் ரத்தம் கொடுத்தான். இருவரிடமும் அதே பழுது. கல்யாணம் வேண்டாமென்று அவளே சொல்லிவிட்டாள்.

சித்தப்பா இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டு எதிரே சங்கம் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது: என் கோடு, என் படம், கீழே 'கலப்பில்லாக் குருதி'. பட்டப்பகலில் நானே ஏறிக் கிழித்தேன். அடுத்த வாரமே புதிதாக ஒன்று கட்டினார்கள், என் படம் மட்டும் இல்லாமல்.