மாமா ஏறினால் மட்டும் எடுக்காத கார்

வியாழக்கிழமை மதிய இடைவேளையில், மாங்குளச் சந்தியில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் குமார் தொலைபேசியில் அழைத்தார். "சேர், றெஜினாக்கா போயிட்டா. காலமை ஆஸ்பத்திரியில."

மாங்குளத்திலும் ஒட்டுசுட்டானிலும் வாகனம் வைத்திருப்பவர்களுக்கு றெஜினா அக்காவை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஏ9 வீதியோரத் தகரக் கொட்டகையில் வாகனங்களின் மின்வேலை செய்தவர். முல்லைத்தீவுக் கடற்கரையில் தகப்பனின் படகு இயந்திரத்து வயர்களைப் பிரித்துப் பார்த்துத் தொழிலைத் தொடங்கியவர். புதிதாக வருகிறவர்கள் ஆண் மெக்கானிக் ஒருவரைத் தேடி உள்ளே எட்டிப் பார்த்து, "பாஸ் இல்லையோ?" என்று கேட்பார்கள். "நிக்கிறன், சொல்லுங்கோ" என்பார், தலையை நிமிர்த்தாமலே.

நான் அவரிடம் போனது ஒரு பழைய காரால். முன்பு அதை வைத்திருந்தவர் திருட்டுக்குப் பயந்து வெளிக்கடையில் றிமோட்டோடு ஓர் அலாம் வாங்கிப் பூட்டியிருந்தார். படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கு நான் தனியே போகும்போது கார் ஒரு குறையும் சொல்லாது. சிறுநீரகம் பழுதான என் மாமாவை, மனைவியின் தகப்பனை, இரத்தச் சுத்திகரிப்புக்காக வவுனியாவுக்கு ஏற்றும் நாட்களில் மட்டும் ஸ்டார்ட் எடுக்காது. நான் காரைப் பூட்டிவிட்டு, பழுது பார்க்க யாரையாவது கூட்டிவந்து திரும்பத் திறந்தால் உடனே எடுக்கும், ஆனால் அதற்குள் சிகிச்சை நேரம் போய்விடும். பற்றரி மாற்றினோம். இயந்திரத்தை முடுக்கும் செல்ஃப் மோட்டரையும் மாற்றினோம். பஸ்ஸில் ஏறி இறங்க மாமாவால் முடியாது. இரண்டு தடவை சிகிச்சை தவறிப்போனது.

மூன்றாம் தடவை மாமா கதிரையைவிட்டு எழும்பவில்லை. "நான் ஏறினாத்தான் தம்பி இது எடுக்குதில்லை. எனக்குப் போதும் எண்டு சொல்லுது போல. விடுங்கோ." அவருடைய கால்கள் வீங்கியிருந்தன. என் மனைவி குசினிக்குள் போய் அழுதாள்.

அன்று பின்னேரம் அக்காவிடம் போய், "கார் எடுக்குதில்லை" என்றேன்.

"அது செய்யாததை விடுங்கோ சேர். திறப்பைத் திருப்பினா என்ன செய்யுது? அதைச் சொல்லுங்கோ."

உள்ளே விளக்குகள் எரிகின்றன, றேடியோ பாடுகிறது, செல்ஃப் சத்தம் மட்டும் இல்லை என்றேன். "வெளியில சிக்னல் லைற்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வாகனத்தைக் கொண்டுவாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. "நாளைக்குக் காலமை நான் வாறன். ஐயாவையும் வெளிக்கிடுத்துங்கோ" என்றார்.

மாமாவை நாங்கள் கெஞ்சித்தான் உடுப்பு மாற்ற வைத்தோம். ஏழு மணிக்கு அக்கா மோட்டார் சைக்கிளில் வந்து வேப்பமரத்தடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். "என்னை மறந்திட்டு வழமைபோலச் செய்யுங்கோ." நான் வீட்டு வாசலில் நின்றே றிமோட்டை அமத்திக் காரைத் திறந்தேன். உள்ளே போய் மாமாவை எழுப்பி, செருப்பைப் போட்டுவிட்டு, மணல் முற்றத்தில் மெல்ல நடத்திவந்து ஏற்றினேன். திறப்பைத் திருப்பினேன். எடுக்கவில்லை.

"சிக்னல் மின்னுது" என்றார் அக்கா.

"எப்பவும் மின்னுறதுதான் பிள்ளை. பற்றரி முடியுது எண்டு நினைச்சன்" என்றார் மாமா.

அக்கா மாமாவை இறக்கித் தன் கதிரையில் இருத்தினார். பிறகு என்னைப் பார்த்து, "இப்ப சேர் மட்டும். பூட்டித் திறவுங்கோ. ஆனா கதவில கை வைக்காதேங்கோ. நான் சொல்லும்வரை நில்லுங்கோ" என்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் நிற்க வைத்தார். பிறகு ஏறச் சொன்னார். கார் எடுக்கவில்லை. சிக்னல் மின்னியது.

"பாத்தீங்களோ ஐயா? நீங்கள் இங்க இருக்கிறீங்கள். அப்பவும் எடுக்கேல்லை."

விடயம் இவ்வளவுதான். றிமோட்டை அமத்தி அரை நிமிடத்துக்குள் கதவு திறபடாவிட்டால், தெரியாமல் பட்டன் அமுங்கிவிட்டது என்று நினைத்து அந்த அலாம் தானாகவே திரும்பக் காவலுக்குப் போய்விடும். செல்ஃபுக்குப் போகும் மின்சாரத்தை வெட்டிவிடும். கத்திச் சொல்ல வேண்டிய சைரனின் வயரை யாரோ முன்பே கழற்றியிருந்தார்கள்; மின்னும் சிக்னல் மட்டும்தான் மிச்சம். தனியே போகும்போது நான் காரடியில் நின்றுதான் அமத்துவேன். மாமாவோடு மட்டும் வாசலிலிருந்து.

மாமா வீங்கிய கால்களைத் தடவினார். "அப்ப, நான் கொஞ்சம் கெதியா நடந்திருந்தா?"

"நீங்கள் கெதியா நடக்கத் தேவையில்லை ஐயா. அலாமைத்தான் பொறுக்கச் சொல்லப்போறன்." அக்கா ஸ்டியரிங்குக்குக் கீழே படுத்து, ஒளித்து வைத்திருந்த ஒரு சின்னப் பட்டனைக் கண்டுபிடித்தார். தானாகக் காவலுக்குப் போகும் வழக்கத்தை அதைக்கொண்டு நிறுத்தினார். மாமா தானே கதவைத் திறந்து ஏறி, "நேரம் போகுது தம்பி, எடுங்கோ" என்றார்.

அக்கா பிழையும் விட்டிருக்கிறார். முள்ளிவாய்க்காலில் மீன் ஏற்றும் லொறி ஒன்றின் அலாம் ஓயாமல் கத்தியது. எலி வயரைக் கடித்துவிட்டது என்று சொல்லி அக்கா வயரை மாற்றினார், சத்தம் நின்றது. மாதங்கள் கழித்து, இன்னொரு வாகனத்தின் எஞ்சின் மூடியான பொனற்றுக்குக் கீழே, அது திறபடுவதை அலாமுக்குச் சொல்லும் சுவிட்ச் உப்புக்காற்றில் துருப்பிடித்திருந்ததைக் கண்டபோது அவருக்குச் சந்தேகம் வந்தது. பஸ் பிடித்து அங்கே போனார். லொறிக்காரர் சிரித்தாராம். "ஓடுதுதானே அக்கா?" "ஓடுது. ஆனா நான் சொன்ன காரணம் பிழை. பொனற்றைத் திறவுங்கோ." அந்தச் சுவிட்சும் துருவேறித்தான் இருந்தது. வயர் மாற்றும்போது அது அசைந்ததால்தான் சத்தம் நின்றிருந்தது.

போன ஞாயிறு வைத்தியசாலையில் அவரைப் பார்த்தேன். இதயத் துடிப்பில் கோளாறு. தலையணைக்குக் கீழிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். "நெஞ்சுக்குள்ளயும் கரண்ட் ஓடுதாம் சேர். எந்த வழியா எண்டு டொக்டரிட்டைக் கேட்டன், கீறித் தந்தவர்." நடுவில் ஓரிடத்தில் விரலை வைத்தார். "இந்த இடத்தில கரண்ட் கொஞ்சம் நிண்டு போகுதாம். ஏன் நிக்குது? சேர் விஞ்ஞானம்தானே படிப்பிக்கிறியள்." எனக்குத் தெரியாது, பார்த்துவிட்டு அடுத்த ஞாயிறு வந்து சொல்கிறேன் என்றேன். தாளை என்னிடம் தந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமையே விடை கிடைத்தது. கேள்வியையும் விடையையும் அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். ஞாயிறு போய்ச் சொல்லலாம்தானே என்று இருந்துவிட்டேன்.

அடக்கத்துக்கு மாமாவும் வந்தார். போகும் வழியில் அவருக்கு அதைச் சொன்னேன்: இதயத்தின் மேலறைகளில் இருக்கும் இரத்தம் கீழறைகளுக்கு இறங்கி நிறைய வேண்டும், அதுவரைக்கும்தான் அந்த மின்சாரம் நிற்கிறது.

மாமா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "அவா கேட்டிருந்தா சந்தோசப்பட்டிருப்பா" என்றார்.

அந்தத் தாள் என் மேசையில் இருக்கிறது. அக்காவின் கேள்வியும், நான் கொண்டுபோய்க் கொடுக்காத விடையும் அதில் இருக்கின்றன. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அதுதான்.