தொட்டியக்காவும் கறுப்புத் தூளும்

சாயப்பட்டறையில் அவளை எல்லோரும் தொட்டியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினாறு வருடமாகக் கழிவுநீர்த் தொட்டிகள் அவள் பொறுப்பு. சொந்தக்காரர் வீட்டு விசேஷம் மறந்தாலும், எந்தத் தொட்டியில் எந்த நிறம் கிடக்கிறது என்பது அவளுக்கு மறக்காது. "உன் நகத்தைப் பார்த்தே இன்னைக்கு என்ன துணி ஓடுச்சுன்னு சொல்லிடுவேன்" என்று கணவன் கேலி செய்வான். "சொன்னது போதும், பாத்திரத்தைக் கழுவுங்க" என்பாள்.

அந்த வருடம் கல்லூரியிலிருந்து ஒரு வேதியியல் ஆசிரியை வரத் தொடங்கினார். கையில் ஒரு சீசா நிறையக் கறுப்புத் தூள். கண்ணுக்கே தெரியாத அளவு பொடிசான இரும்புத் துகள்களாம். சாயத்தைத் தம்மேல் ஒட்டவைத்துக்கொள்ளுமாம். கல்லூரியில் கலந்து ஒரு குப்பியில் கொண்டுவந்த சிவப்புத் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கினார். சற்றுப் பொறுத்துக் குப்பிக்கு வெளியே ஒரு காந்தத்தை வைத்தார். தூள் மொத்தமும் சாயத்தைச் சுமந்துகொண்டு அந்தப் பக்கம் ஓடி அப்பிக்கொண்டது. தண்ணீர் தெளிந்து நின்றது. தொட்டியக்கா குப்பியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

ஆனால் பட்டறைத் தண்ணீரிடம் அந்தத் தூளின் பருப்பு வேகவில்லை. காரம் குறைந்தால்தான் தூள் சாயத்தைப் பிடிக்கும் என்று ஆசிரியை முதலில் அமிலமும் விட்டுப் பார்த்தார். எத்தனை குலுக்கினாலும் சிவப்பு சிவப்பாகவே இருந்தது. மூன்றாவது வாரமும் அதே கதை. ஆசிரியை தொட்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த வாடிய முகத்தைப் பார்க்கத் தொட்டியக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"மேடம், அமிலம் விட்டு எவ்வளவு நேரம் கழிச்சுத் தூள் போட்டீங்க?"

"காலையிலயே விட்டு, காரம் காட்டுற தாளை நனைச்சு சரிபார்த்துட்டேன். இப்பதான் தூள் போட்டேன்."

"அங்கதான் கோட்டை விட்டீங்க. இது சாயம் பிடிக்கச் சோடா உப்பு கலந்த தண்ணி. விட்டதும் தாள் நல்ல பிள்ளையா சரின்னு காட்டும். நுரை அடங்கினதும் காரம் பழையபடி ஏறிடும். நான் மூணு தடவை விட்டுத்தான் இதை வழிக்குக் கொண்டுவருவேன்."

ஆசிரியை அவளையே பார்த்தார். "இதை யாரும் எனக்குச் சொல்லலையேக்கா."

"நீங்க யாரையும் கேக்கலையே."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தொட்டியக்காவே அமிலம் விட்டாள். நுரை அடங்கக் காத்திருந்து, தாளை நனைத்து, மறுபடி விட்டாள். மூன்றாவது தடவைக்குப் பிறகு தலையசைத்தாள். ஆசிரியை தூள் போட்டுக் குலுக்கிக் காந்தத்தை வைத்தார். குப்பியில் மிஞ்சியது இளஞ்சிவப்பின் சாயல் மட்டும். ஈரக் கையுறையோடு அவர் தொட்டியக்காவைக் கட்டிக்கொண்டார்.

ஆறு மாதத்தில் பட்டறை முற்றத்தில் ஒரு சோதனைப் பீப்பாய் வந்தது. பட்டறையின் மொத்தத் தண்ணீருக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். ஆனாலும் அதை ஓட்டுவதும், வேலை முடிந்த தூளைக் கழுவி மறுபடி பயன்படுத்துவதும் தொட்டியக்காவின் பொறுப்பானது. ஒரு நாள் அவளை அழைத்துப்போக வந்த கணவன் பீப்பாய்க்குள் குனிந்து பார்த்தான். தண்ணீர் தெளிந்து அடிப்பக்கம் தெரிந்தது.

"இது நீ பண்ணினதா?"

"நானும் மேடமும்."

அடுத்த பீப்பாய்த் தண்ணீர் தெளியும்வரை அவன் பக்கத்திலேயே நின்றிருந்தான்.