பீரங்கி கொடுக்காத ரத்தம்

பிளாஸ்டிக் குழாய்களுக்கான தூள் தயாரிக்கும் அந்த ஆலையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாருமில்லை. பீரங்கி என்றால்தான் தெரியும். வாயைத் திறந்தால் அடுத்த கட்டிடத்தில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். ரசாயனம் வெந்து முடிந்த இரும்புத் தொட்டிக்குள் இறங்கி, சுவரில் ஒட்டியிருப்பதைச் சுரண்டி எடுப்பது அவர் வேலை. அந்த வாடைக்கெல்லாம் அசராத மனிதர், ஊசியைக் கண்டால் மட்டும் வெலவெலத்துப் போவார்.

அந்த வாடை கல்லீரலுக்கு ஆகாது என்று, சில வருஷங்களாக நிரந்தரத் தொழிலாளிகளுக்கு ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை நடக்கிறது. பீரங்கியின் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, அதே தொட்டியில் ஒப்பந்தக் கூலியாகச் சுரண்டுகிறவன். ஒப்பந்த ஆட்களுக்குப் பரிசோதனை கிடையாது. அவர்களுக்கு மட்டும் கல்லீரலைக் கடவுள் இரும்பில் செய்து வைத்திருக்கிறார் போலிருக்கிறது.

“மாப்ள, என் அட்டைய மாட்டிக்கிட்டுப் போய்க் கையை நீட்டிட்டு வந்துடு.”

“உங்க சவடாலெல்லாம் நர்ஸ் வர்ற வரைக்கும்தானா, மாமா?” என்று சிரித்துக்கொண்டே போவான். ஹெல்மெட், முகமூடி, ஆண்டுக்கொரு புது நர்ஸ். யார் கண்டுபிடிப்பது? முதல் பரிசோதனையிலிருந்தே இந்தக் கூத்துதான். ரிப்போர்ட் நன்றாக வரும். அதை மனைவியிடம் நீட்டி, “பாத்தியா என் உடம்ப” என்று வேறு பீற்றிக்கொள்வார்.

இந்த வருஷம் ஆலை டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார்.

“கல்லீரல்ல புற்று இருந்தா ரத்தத்துல ஏறுற ஒரு புரதம் இருக்கு. உங்களுக்கு எப்பவும் கம்மியாத்தான் இருக்கும். இப்ப திடீர்னு எகிறியிருக்கு. இத மட்டும் வச்சுப் புற்றுன்னு சொல்லிட முடியாது. ஆனா உடனே ஸ்கேன் எடுக்கணும்.”

பீரங்கிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. நம்ம ரத்தமே இல்லையே, அப்பாடா! தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தவருக்குப் பாதிப் படி இறங்கியதும்தான் உறைத்தது. அப்படியென்றால் அது யாருடைய ரத்தம்? கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். போன மாதம்தான் மச்சினனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. உண்மையைச் சொன்னால் ஆள்மாறாட்டம், வேலை போகும். சொல்லாவிட்டால் அவன் போவான். வாய்ச்சவடால் பேர்வழிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மனசு சுத்தம். வந்த படியிலேயே திரும்ப ஏறினார்.

“டாக்டரம்மா, அது என் மச்சினன் ரத்தம். ஊசிக்குப் பயந்து வருஷா வருஷம் அவனத்தான் அனுப்பினேன். என்னை வேலைய விட்டுத் தூக்குங்க, பரவால்ல. அந்த ஸ்கேனை மட்டும் அவனுக்கு எடுத்துடுங்க. ஒப்பந்த ஆளுன்னு தள்ளிடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.” ஆலையே கேட்கக் கத்துகிற குரல் மேசையின் அந்தப் பக்கம்கூடச் சரியாக எட்டவில்லை.

டாக்டரம்மா திட்டவில்லை என்றால் அது பொய். வாங்கு வாங்கென்று வாங்கினார். திட்டிக்கொண்டே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, மறுநாளே மச்சினனுக்கு ஸ்கேன் எடுக்க ஏற்பாடு செய்தார். பீரங்கி கையெடுத்துக் கும்பிட்டார். கண் கலங்கிவிட்டது.

“நீங்க எவ்வளவு காலமா தொட்டிக்குள்ள இறங்குறீங்க?” என்று கேட்டார் டாக்டரம்மா.

“இருபது வருஷத்துக்கு மேல இருக்கும்மா. அவனுக்கு வேலை பழக்கிவிட்டதே நான்தான்.”

“அவர் ரத்தத்தையாவது வருஷா வருஷம் பாத்துட்டிருந்தோம். உங்க ரத்தத்தை யார் பாத்தா?”

பீரங்கி சட்டைக் கையை மெல்ல மேலே மடித்துவிட ஆரம்பித்தார்.